குனிமோட்டோ தடம்

ஜூலையில் மழைக்காலம் முடிந்தபோது குனிமோட்டோ தடத்தில் பாதிக் கரைகள் போயிருந்தன. மலையிலிருந்து வேகமாக இறங்கும் சைக்கிள் திரும்பும்போது வெளியே வழுக்கிவிடாதபடி, வளைவுகளில் மண்ணை அணைத்துக் கட்டிய கரைகள் அவை. வடிகால்கள் தூர்ந்துவிட்டதால் தண்ணீர் தடத்தின் நடுவிலேயே ஓடி, மண்ணை அறுத்துக்கொண்டு போய், தேவதாரு வேர்களை வெளியே நீட்ட வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மலைக்கு வரும் சைக்கிள் குழுவில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். ஒருவரும் தொடவில்லை.

தொடக்கூடாது என்பது வழக்கம். ஒருவர் வெட்டிய தடத்தில் அவரைக் கேட்காமல் இன்னொருவர் மண்வெட்டி வைப்பதில்லை. ஒரு கல்லைக்கூடப் புரட்டுவதில்லை. ஆனால் குனிமோட்டோவைக் கேட்க இனி வழியில்லை. பிப்ரவரியில், தன் பெட்ரோல் பங்க்கில் ஒரு லாரிக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். பிறகு எழவில்லை.

மசுயோ மட்டும் வியாழக்கிழமைகளிலும் மலைக்குப் போனாள். பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறி, மேலே நின்று பார்ப்பாள். ஒவ்வொரு மழைக்கும் எந்தக் கரை எவ்வளவு கரைந்தது என்று அவளுக்குத் தெரியும். அடைபட்டுப்போன அந்த மேல் வடிகாலை மண்வெட்டியால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டால் போதும், கீழே உள்ளதெல்லாம் பிழைத்துவிடும். கை பரபரக்கும். ஆனால் மறுநாள் யாராவது பார்த்து, தொட்டது யார் என்று கேட்பார்கள். அதற்குச் சொல்ல அவளிடம் ஒரு பதில் இருந்தது. அந்தப் பதிலைத்தான் அவள் இத்தனை நாளாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள்.

அந்தத் தடத்தில் பாதியை வெட்டியவள் அவள்.

*

அவள் அதைக் கண்டுபிடித்தது தற்செயலாக. சில வருடங்களுக்கு முன், பனி விழாத ஒரு டிசம்பர் மதியம், மேட்டிலிருந்து இறங்கும்போது மண்வெட்டிச் சத்தம் கேட்டு உள்ளே போனாள். குனிமோட்டோ முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெரிய கல்லை நகர்த்திக்கொண்டிருந்தார். பங்க்கிற்கு வியாழக்கிழமை விடுமுறை.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. தடம் திறக்கிற வரைக்கும் வெளிய தெரியக்கூடாது" என்றார்.

"சொல்ல மாட்டேன். ஆனா கல்ல அங்க வச்சீங்கன்னா தண்ணி தேங்கும்."

அவர் கல்லைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அப்ப எங்க வைக்கலாங்கிறீங்க?"

மணமுறிவுக்குப் பிறகு, ஒரு பொருளை எங்கே வைக்கலாம் என்று மசுயோவை யாரும் கேட்டதில்லை. அதற்கு முன்பும் கேட்டதில்லை. பெரிய தேவதாரு ஒன்றுக்கு அப்பால் அவள் இடத்தைக் காட்டினாள்; தடம் பிறகு அந்தக் கல்லைச் சுற்றி இடப்பக்கம் வளைந்தது. அடுத்த வியாழக்கிழமையும் போனாள். பிறகு சில குளிர்காலங்கள் அப்படியே போயின.

அவர்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. அவர் வெட்டுவார், அவள் மண்ணைத் தட்டி இறுக்குவாள். அவள் வெட்டுவாள், அவர் வேர்களை அறுப்பார். பிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றி முதலில் அவளிடம் நீட்டுவார். ஒருநாள் மண்வெட்டி ஒன்றின் கைப்பிடியை அவள் உயரத்துக்கு அறுத்துக்கொண்டு வந்து, எதுவும் சொல்லாமல் மரத்தில் சாய்த்து வைத்தார். அவ்வளவுதான். அவள் கையை அவர் தொட்டதில்லை. தொட வேண்டும் என்று அவள் நினைத்ததும் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டாள். வியாழக்கிழமைக்கு முந்தின இரவுகளில் தூக்கம் லேசாக இருந்ததை மட்டும் அவள் கவனித்திருந்தாள்.

"வீட்ல தனியாப் போறேன்னுதான் சொல்லியிருக்கேன்" என்று அவர் ஒருமுறை சொன்னார். "ஆரம்பத்துல அது நெசந்தானே. அப்புறம் மாத்திச் சொல்ல ஒரு நாள் அமையல. இப்பப் போய்ச் சொன்னா, ஏன் இத்தன நாள் சொல்லலன்னு வரும்."

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு" என்றாள் மசுயோ.

"அதானே" என்றார் அவர். இருவரும் வேலையைப் பார்த்தார்கள்.

தடம் திறந்த அன்று, குழுவின் மூத்தவரான நாகசே தடத்தின் வாசலில் கொஞ்சம் சாக்கே என்ற அரிசி மதுவை ஊற்றிக் கும்பிட்டு, "இனிமே இது குனிமோட்டோ தடம்" என்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். குனிமோட்டோ திரும்பி மசுயோவைப் பார்த்தார். வாய் பாதி திறந்திருந்தது. அவள் தலையை மிக லேசாக அசைத்தாள், வேண்டாம் என்று. அவர் வாயை மூடிக்கொண்டார். வழக்கப்படி தடத்தை வெட்டியவர் முதலில் இறங்க வேண்டும். அவர் முதலில் இறங்கினார். அவள் எல்லோருக்கும் பின்னால் இறங்கினாள், கண்ணை மூடிக்கொண்டுகூட இறங்கியிருப்பாள்.

*

ஜூலைக் கடைசியில் மலையடிவாரத்து ஊர்ச் சங்கம் நாகசேயைக் கூப்பிட்டு அனுப்பியது. தடத்திலிருந்து இறங்கிய சேறு கீழே ஒரு விவசாயி காளான் வளர்க்கும் கட்டைகளை மூடிவிட்டது. புயல் காலத்துக்குள் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் மலையை மூடிவிடுவோம் என்றார்கள்.

ஞாயிறு ஓட்டம் முடிந்ததும் நாகசே தன் நூடுல்ஸ் கடையிலேயே பேச்சை எடுத்தார். "இனிமே தள்ளிப்போட முடியாது. கையால வெட்டி முடியிற வேலையும் இல்ல இது."

"குட்டி பொக்லைன் ஒண்ணு வாடகைக்கு எடுப்போம்" என்றான் தெட்சு. ஊருக்குள் சைக்கிள் கடை வைத்திருக்கும் முப்பது வயதுக்காரன், குழுவிலேயே வேகமானவன். "நாலு நாள் வேலைய அரை நாள்ல முடிச்சிடும். நாகசே சான் தொப்பைய நகர்த்தத்தான் அதுக்குக் கஷ்டம்."

"என் தொப்பை நான் காசு குடுத்து வளத்தது. அத நீ தொடாத" என்றார் நாகசே. "மொதல்ல அனுமதி. செத்தவங்க வீட்டுக்கு வர்ற ஓபோன் பண்டிகை வருது, குனிமோட்டோவுக்கு இது முதல் ஓபோன். எப்படியும் ஊதுவத்தி வைக்கப் போகணும். அப்பவே அவர் சம்சாரத்தக் கேட்டுருவோம். மசுயோ சான், நீங்களும் வாங்க. பொம்பள ஒருத்தர் கூட இருந்தா நல்லாருக்கும்."

மசுயோ தலையசைத்தாள். கிண்ணத்தின் அடியில் தங்கிய நூடுல்ஸ் துண்டை ஒன்றுக்கு இரண்டு தடவை எடுக்கப் பார்த்து விட்டுவிட்டாள்.

*

இறந்தவர் முதல்முறையாக வீடு திரும்பும் அந்த ஆகஸ்ட் நாட்களுக்காக, குனிமோட்டோவின் வீட்டில் வெள்ளை விளக்குக்கூடு தொங்கியது. படத்தில் அவர் பங்க் தொப்பியுடன் இருந்தார். நாகசே, தெட்சு, குழுவின் மற்ற இருவருக்குப் பிறகு மசுயோ ஊதுவத்தியைப் பற்றவைத்து மணியைத் தட்டினாள். படத்தை நேராகப் பார்க்காமல் அதன் சட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

காரில் வரும்போது ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். "நானும் அவர்கூட வெட்டினேன்." அவ்வளவுதான், ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் தடம் அவள் பொறுப்பில் வரும். பொக்லைன் வேண்டாம் என்று அவள் சொல்லலாம். கரைகளை அவர் கட்டிய விதத்திலேயே கையால் கட்டலாம், எத்தனை வியாழக்கிழமை ஆனாலும்.

குனிமோட்டோவின் மனைவி ரெய்கோ பார்லித் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். பங்க்கின் கணக்கு வழக்கெல்லாம் பார்த்தவள் அவள்தான். ஒவ்வொரு கோப்பையையும் ஒரே இடைவெளியில் வைத்தாள்.

நாகசே தரையில் கையூன்றிக் குனிந்தார். "தடம் பாழாயிட்டு இருக்கும்மா. அது அவர் வெட்டினது. அவர கேக்காம நாங்க தொடுறதில்ல. இப்ப அவர் இல்ல, அதான் உங்கள கேக்க வந்தோம்."

"நான் அந்த மலைக்கு ஏறினதே இல்லையே. என்கிட்டயா கேக்குறது?"

"வேற யாரு இருக்காம்மா கேக்க?"

ரெய்கோ தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். "அவ்வளவையும் தனியாவா வெட்டினார்?"

"தனியாத்தான். திறக்கிற வரைக்கும் எங்ககிட்டகூடச் சொல்லல. பிடிவாதக்காரர்ல."

ரெய்கோ ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். கொசுவத்திப் புகை வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மசுயோவிடம் வாக்கியம் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் அடுத்த நொடி இந்த அறையில் என்ன ஆகும் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். கணவர் வீடு திரும்பியிருக்கும் நாளில், அவர் படத்துக்கு முன்னால், அவர் இத்தனை வருடம் பொய் சொன்னார் என்று ஒரு மனைவிக்குத் தெரியவரும். அந்தப் பொய்க்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்பதை யார் நிரூபிப்பது? மசுயோ தேநீரை எடுத்துக் குடித்தாள்.

ரெய்கோ எழுந்து பின்பக்கம் போய், இரண்டு மண்வெட்டிகளோடு வந்தாள். "அவரோடது. உங்களுக்குத்தான் உபயோகமா இருக்கும். ஆனா இதுல ஒண்ணு ரொம்பக் கட்டை. எதுக்குன்னு எனக்குத் தெரியல."

கட்டை மண்வெட்டி கைமாறிக் கைமாறிப் போனது. தெட்சு அதைப் பிடித்துக் குனிந்து காட்டினான். "பாருங்க, கூனிப் போய்தான் வெட்டணும்."

"வயசானா முதுகு தானா வளையும்டா. உனக்கும் வரும்" என்றார் நாகசே. எல்லோரும் சிரித்தார்கள். ரெய்கோவும் சிரித்தாள்.

மசுயோவிடம் வந்தபோது அவள் வாங்கிக்கொண்டாள். கைப்பிடியில் வழவழப்பான இரண்டு இடங்கள் இருந்தன. அவள் கைகள் நேராக அங்கே போய் நின்றன.

"உங்களுக்குச் சரியா இருக்கு போலிருக்கே" என்றாள் ரெய்கோ. "நீங்க வச்சுக்கோங்க."

"எனக்கு எதுக்கு. குழுவோட கொட்டகையில இருக்கட்டும்."

"சரி" என்றாள் ரெய்கோ. பிறகு நாகசேயிடம் திரும்பி, "உங்க விருப்பப்படி செய்யுங்க" என்றாள்.

திரும்பும் வழியில் தெட்சு காரை ஓட்டிக்கொண்டே திட்டம் போட்டான். "அந்தக் கல் வளைவு இருக்கு பாருங்க, நடுவுல, அத எடுத்துட்டு நேரா விட்டுடலாம். வேகம் அங்கதான் சாகுது."

"வேகத்தக் குறைக்கத்தான் அத வச்சது" என்றாள் மசுயோ. "இல்லன்னா கீழ பாறையில போய் மோதிடுவாங்க."

"அந்தப் பாறையையும் எடுத்திடுவோம்க்கா. பொக்லைன் எதுக்கு இருக்கு."

"நீங்க இவ்வளவு யோசிச்சிருந்தா குனிமோட்டோகிட்டயே சொல்லிக் குடுத்திருக்கலாமே" என்று நாகசே முன்சீட்டிலிருந்து கிண்டலடித்தார். இன்னொரு வாய்ப்பு அது. மசுயோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வாரம் முழுவதும், கேரட் நறுக்கும்போதும் அரிசி களையும்போதும், அவள் தன் மௌனத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ரெய்கோவுக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று முதலில் நினைத்தாள். அப்படி நினைப்பது ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததே உறுத்தியது. மண்வெட்டியை வேண்டாம் என்றது யாருக்காக? தடம் திறந்த அன்று தலையை அசைத்தது யாருக்காக? கைதட்டல் நடுவே அவருக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. அந்த நிமிடம் எவ்வளவு கதகதப்பாக இருந்தது என்பதை அவள் மறக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் இருந்ததால்தான் அது அவளுடையதாக இருந்தது. சொல்லியிருந்தால் அது வெறும் மண்வேலை ஆகியிருக்கும்.

*

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொக்லைன் வந்தது. ஆரஞ்சு நிறத்தில், ஒரு மேசை அகலத்தில், தேவதாரு மரங்களுக்கு நடுவே இருமிக்கொண்டே ஏறியது. தெட்சு ஓட்டினான். நாகசே வேலை பிரித்துக் கொடுத்தார். "மசுயோ சான், நீங்க சமையல பாத்துக்கோங்க. நூறு பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போடுறவங்க, எங்களுக்கு ஆக்க மாட்டீங்களா."

அவள் தடத்தின் அடிவாரத்தில் அடுப்பு மூட்டி, பன்றிக்கறி சூப்புக்குச் சேப்பங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். மேலே இயந்திரம் ஒவ்வொரு வளைவாக இறங்கி வருவது சத்தத்தில் தெரிந்தது. எந்தச் சத்தம் எந்தக் கரை என்று அவளுக்கு விளங்கியது. கல் வளைவுக்கு வந்தபோது இரும்பு கல்லில் உரசியது, கொஞ்ச நேரம் நின்றது, மறுபடி உரசியது, பிறகு ஏதோ உருண்டது. அவள் தோலைத் தாண்டிக் கிழங்கையும் சீவிக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்கு முன்னால் ரெய்கோ வந்தாள், ஒரு கூடை பேரிக்காயோடு. மலைப்பக்கம் இதுதான் முதல்தடவை என்று எல்லோரிடமும் சொன்னாள். பிறகு மசுயோவுக்குப் பக்கத்தில் மரக்கட்டையில் உட்கார்ந்து, கேட்காமலே ஒரு கத்தியை எடுத்துக் கிழங்கு உரிக்கத் தொடங்கினாள்.

"கை அரிக்கும்" என்றாள் மசுயோ.

"பரவால்ல."

கொஞ்ச நேரம் இருவரும் உரித்தார்கள்.

"அந்தக் கைப்பிடிய அவர் எங்க வீட்டு முற்றத்துலதான் அறுத்தார்" என்றாள் ரெய்கோ. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. கிழங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "யாருக்குன்னு கேட்டேன். சும்மா, பழுதாயிடுச்சுன்னார். பழுதா இல்லையான்னு எனக்குத் தெரியாதா. கடையில அத வாங்கினதே நான்தான்."

மசுயோவின் கத்தி நின்றது.

"அதான் அன்னிக்கு எல்லார் கையிலயும் குடுத்துப் பாத்தேன். ஒவ்வொருத்தரும் எங்க பிடிக்கிறதுன்னு தடவிப் பாத்தாங்க. நீங்க தடவல."

"ரெய்கோ சான்..."

"இருங்க, சொல்லிக்கிறேன். நான் சண்டை போட வரல. எனக்கு ரொம்ப நாளா தெரியும், ஒருத்தர் இருக்காங்கன்னு. மண்ணு வேலைக்குப் போறவங்கதானேன்னு நெனச்சுக்குவேன். சில நாள் அப்படி நெனைக்க முடியும், சில நாள் முடியாது. அன்னிக்கு நாகசே சான் தனியாத்தான்னு சொன்னப்ப, யாராவது ஒருத்தர், இல்லம்மா நானும் போனேன்னு சொல்லுவாங்கன்னு பாத்தேன். சொல்லியிருந்தா எனக்கு அப்பாடான்னு இருந்திருக்கும். சொல்ல முடியிற விஷயம்னு ஆகியிருக்கும்ல. மண்வெட்டியக் குடுத்தும் பாத்தேன். வேண்டாம்னுட்டீங்க."

சூப் பொங்கி வந்தது. மசுயோ எழுந்து மூடியை நகர்த்தி வைத்தாள். அந்தச் சின்ன வேலை முடிந்ததும் செய்ய வேறெதுவும் இல்லை.

"எங்களுக்குள்ள ஒண்ணும் இல்ல" என்றாள். "தேநீர் குடிப்போம். வெட்டுவோம். அவ்வளவுதான்."

"சரி" என்றாள் ரெய்கோ.

அவள் நம்பவில்லை என்றும் சொல்லவில்லை, நம்பினேன் என்றும் சொல்லவில்லை. உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். இந்த வார்த்தைகளை ஒரு மாதத்துக்கு முன்னால், ஊதுவத்திக்கு எதிரே சொல்லியிருந்தால் உண்மையாக இருந்திருக்கும் என்று மசுயோவுக்குத் தோன்றியது. இப்போது அதே வார்த்தைகள், பிடிபட்டவள் சொல்வதுபோல இருந்தன. அதைவிட மோசமானது, அவை முழு உண்மையா என்று அவளுக்கே இப்போது நிச்சயமில்லை. ஒன்றுமே இல்லாததை ஒருத்தி இவ்வளவு கவனமாக ஒளித்து வைப்பாளா?

"அவர் அங்க என்ன பேசுவார்?" என்று ரெய்கோ திடீரென்று கேட்டாள்.

மசுயோ யோசித்தாள். "தண்ணி எந்தப் பக்கம் போகும்னு பேசுவார்."

"வீட்லயும் அதிகம் பேச மாட்டார்" என்றாள் ரெய்கோ. கையை உதறிக்கொண்டு எழுந்தாள். அரிப்புத் தொடங்கியிருந்தது. புறங்கை சிவந்துபோயிருந்தது. அரிப்பைத் தணிக்க மசுயோ வினிகர் பாட்டிலை நீட்டினாள். ரெய்கோ அதை வாங்கிக்கொள்ளாமல் ஓடை இருக்கும் பக்கம் நடந்தாள்.

*

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. தடம் அகலமாக, செம்மண் பளபளப்போடு இறங்கியது. வடிகால்கள் ஆழமாக இருந்தன. இனி காளான் கட்டைகளுக்குச் சேறு வராது. நல்ல வேலை என்பதை மசுயோவால் மறுக்க முடியவில்லை.

"வெட்டினவன் முதல்ல" என்றார் நாகசே. தெட்சு சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டினான். அவன் இறங்கினான். பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். கீழே ரெய்கோவும் மற்றவர்களும் நின்று பார்த்தார்கள். மசுயோ கடைசியாக நின்றாள்.

மேல் பகுதியில் சக்கரம் சத்தமில்லாமல் ஓடியது. புது மண் மென்மையாக இருந்தது. அவள் பிரேக்கை விட்டாள். கண்கள் தடத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன; அது நேராகப் போவது அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அந்தப் பெரிய தேவதாரு தோளை உரசுவதுபோல வந்ததும், அவள் இடுப்பு தானாக இடது பக்கம் சாய்ந்தது. இடது முழங்கால் மடங்கியது. உடம்பு கல் வளைவுக்குத் தயாரானது. அங்கே கல்லும் இல்லை, கரையும் இல்லை. முன்சக்கரம் தடத்தை விட்டு மூங்கில் புல்லுக்குள் ஏறிப் புரண்டது.

அவள் முதுகில் கிடந்தாள். எங்கும் உடையவில்லை. முழங்கையில் மட்டும் எரிந்தது. மேலே மரங்களுக்கு நடுவே வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. பக்கத்தில் பொக்லைன் உருட்டித் தள்ளிய கல், பாசி படிந்த பக்கம் மண்ணில் கவிழ்ந்து கிடந்தது.

"அக்கா, என்னாச்சு?" தெட்சுவின் குரல் கீழிருந்து வந்தது.

"அங்க நேர் வழிதானே. அங்க எப்படி விழுந்தாங்க?" என்று நாகசே யாரிடமோ கேட்டார்.

மசுயோ எழுந்து சைக்கிளை நிமிர்த்தினாள். கைப்பிடி திருகிக்கொண்டிருந்தது. முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்து இழுத்தாள். முழுதாக நேராகவில்லை. இன்னொருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, அந்தக் கோணலோடேயே ஏறி உட்கார்ந்து, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். கீழே எல்லோரும் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ரெய்கோவும், சிவந்த கைகளைச் சொறிந்துகொண்டு.